மெல்போர்ன் போறோம்னு சொன்னேன்

நீயே சொல்லு பாப்பா, பெத்தவகிட்டச் சொல்லாம ஒரு பொண்ணு ஊருக்குப் போகலாமா?

தப்பா எடுத்துக்காத. தமிழ்ப் பொண்ணுன்னு பாத்ததுமே தெரிஞ்சுச்சு, அதான் இத்தனை சீட்டு காலியா இருந்தும் உன் பக்கத்துல வந்து உக்காந்தேன். எனக்கு யார்கிட்டயாவது சொல்லியாகணும். வீட்ல வாயைத் திறந்தா எங்க வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிருவார். தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னா அடுத்த தீபாவளி வரைக்கும் அதையே பேசுவாங்க. நீ யாரோ, நான் யாரோ. காலேஜ் போய்ட்டுதான வர்ற? பையைப் பாத்தா தெரியுது. என் மகளும் உன் வயசுதான். ஆதிரைன்னு பேரு. பாறை, மண்ணு, அதெல்லாம் படிக்கிறா. வேற படிப்பே கிடைக்கலையான்னு கேக்காத, நானும் கேட்டுப் பாத்துட்டேன்.

போன வாரம் பெரிய மூட்டையை முதுகுல மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு போயிட்டு வரேன்மாங்குறா. எங்கடின்னா, காலேஜ்ல கூட்டிட்டுப் போறாங்கம்மாங்குறா. எந்தப் பக்கம்னா சிரிக்குறா. பாலைவனத்துக்குன்னு பூட்ஸைப் பாத்தாலே தெரியுது. ஆனா எந்தப் பாலைவனம்? இந்த நாட்ல அது ஒண்ணா ரெண்டா. நாலு வருஷமா இதே கதைதான். பேசுவா, நான் போடுறதைச் சாப்பிடுவா, தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லி உக்காருவா, எல்லாம் செய்வா. எங்க போறேன், எப்ப வருவேன், அதை மட்டும் என்கிட்டச் சொல்ல மாட்டா. எல்லாம் அந்த ஒரு டூர்னால வந்தது. நீ முழுசாக் கேளு. கேட்டுட்டு என் மேல தப்பு இருந்தா சொல்லு. இருக்காது. இருந்தாலும் சொல்லு.

எங்க ஊரு கோவில்பட்டி. எங்க வீட்ல ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வெளியாள்கிட்ட மூச்சு விட மாட்டோம். திருப்பதிக்குப் போறதா இருந்தா மதுரையில ஒரு விசேஷம்னு சொல்லுவோம். திரும்பி வந்து லட்டைக் கையில குடுக்கும்போதுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியும். முன்னாடியே சொன்னா கண்ணு பட்டுரும், தடங்கல் வந்துரும். இது எங்க வீட்ல மட்டும் இல்ல, உங்க வீட்லயும் இருக்கும், அம்மாகிட்டக் கேட்டுப் பாரு. எங்க சித்தப்பா ஒருத்தர் வேன் பிடிச்சு குற்றாலம் போறதைத் தெரு முழுக்கச் சொல்லிட்டுக் கிளம்புனார். கழுகுமலை தாண்டல, டயர் வெடிச்சுருச்சு. நான் அந்த வேன்லதான் இருந்தேன். கண்ணால பாத்ததைச் சொல்றேன்.

இங்க அடிலெய்டு வந்தா உமையாள். காரைக்குடிக்காரி, என்னைவிட ரெண்டு மூணு வயசு பெரியவ. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை விடப் போற இடத்துல பழக்கம். அவளுக்கு ஒரே வேலை, எங்க கிளம்பிட்டே, எப்ப வருவே, யாரு கூட, எந்த ரூட்டு. நான் பால் வாங்கக் கடைக்குப் போனாக்கூட எந்தக் கடைன்னு கேப்பா. அது வெறும் கேள்வி இல்ல, கேட்டதைப் பத்துப் பேருக்குச் சொல்லியாகணும் அவளுக்கு. அவ வீட்டுக்காரர் சாத்தப்பன் பாவம், இருபது வருஷமாப் பதில் சொல்லிச் சொல்லியே ஓய்ஞ்சு போய்ட்டார்.

எங்க வீட்டுக்காரர் பேரு செண்பகராஜ். அவருக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. வடக்க ஒரு பெரிய உப்பு ஏரி இருக்கு, எப்பவாவது ஒரு தடவைதான் அதுல தண்ணி வரும், அந்த வருஷம் வந்துருச்சு. பறவை எல்லாம் வந்து இறங்கியிருக்குன்னு நியூஸ்ல காட்டுனான். அவ்வளவுதான், மனுஷனுக்குப் பித்து பிடிச்சுருச்சு. பழைய ஜீப்பு மாதிரி ஒரு வண்டியை வாங்கி, டென்ட் வாங்கி, மடக்குற நாற்காலி வாங்கி, ஸ்கூல் லீவுக்கு நாள் குறிச்சுட்டார். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கட்டிலை விட்டுட்டு மண்ணுல போய்ப் படுக்கிறதுக்கு எதுக்குப் பெட்ரோல் செலவுன்னு கேட்டேன். ஆதிரைக்கு அப்ப பதினஞ்சு வயசு. அப்பா பக்கம் சேந்துக்கிட்டா.

சரி, போறதுதான் போறோம், முறையாப் போவோம்னு நான் ரெண்டே ரெண்டு விஷயம்தான் சொன்னேன். ஒண்ணு, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. கேட்டா மெல்போர்ன், அவர் கூடப் படிச்சவர் வீடு. ஆபீஸ்லயும் அதையே சொல்ல வச்சேன். ரெண்டாவது, அவர் ஒரு கருவி வாடகைக்கு எடுக்கணும்னார். கையளவு இருக்குமாம், ஆபத்துன்னா பட்டனை அமுக்கணும், ஆள் தேடிக்கிட்டு வந்துருமாம். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது ஆபத்துக்குன்னு ஒண்ணை வாங்கி மடியில கட்டிக்கிட்டா, அது வராம என்ன செய்யும்? அபசகுனமாப் பேசாதீங்கன்னு சொன்னேன். அவரும் விட்டுட்டார். அது வேண்டாம்னு சொன்னவ நான்தான், ஆனா என் பேச்சைக் கேட்டது அவர்தான? அதை மட்டும் யாரும் பேச மாட்டாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி சாயங்காலம் உமையாள் வந்து நிக்குறா. வண்டி மேல தண்ணி கேனெல்லாம் கட்டி இருக்கு. மெல்போர்னுக்கு எதுக்குடி மாரி இவ்வளவு தண்ணின்னு கேட்டா. அங்க தண்ணி சேராதுக்கான்னு சொல்லி வச்சேன். ஒரு டப்பா நிறையச் சீப்புச்சீடை குடுத்தா. குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியான்னா. என்னைக்கு வர்றேன்னா. நான் சிரிச்சுக்கிட்டே உள்ள போய்ட்டேன். அவ போனதும் மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டேன். வண்டிக்கும் சேத்துத்தான்.

ரெண்டு நாள் நல்லாத்தான் போச்சு. நல்லான்னா, அவுங்க ரெண்டு பேருக்கும். எனக்கு முதுகு போச்சு. ஈ, ஈ, ஒரே ஈ. வாயைத் திறந்து பேசுனா உள்ள போகுது. ராத்திரி குக்கர் வச்சேன், விசில் அடிச்சதும் பக்கத்து டென்ட்ல இருந்த வெள்ளைக்காரர் என்னமோ ஏதோன்னு ஓடி வந்தார். அவருக்குக் கொஞ்சம் சாம்பார் சாதம் குடுத்தேன், கண்ணுல தண்ணியோட சாப்பிட்டார். அவரும் எங்க போறீங்கன்னுதான் கேட்டார். நான் இவர் காலை மிதிச்சேன்.

அப்புறம் மாரின்னு ஒரு ஊரு. ஆமா, என் பேரேதான், மாரீஸ்வரின்னா எல்லாரும் மாரின்னுதான கூப்பிடுறாங்க. அம்மன் பேருல ஊரு இருக்கு, இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு. அங்க பெட்ரோல் போடுறவன் எந்த டிராக்ல போறீங்க, எப்ப திரும்புவீங்க, யார்கிட்டயாவது சொல்லிட்டு வந்தீங்களான்னு நீட்டி முழக்குறான். இந்த நாட்ல பெட்ரோல் போடுறவன் வரைக்கும் உமையாளா இருந்தா மனுஷன் எங்கதான் போறது? சும்மா சுத்திப் பாக்க வந்தோம்னு சொல்லுங்கன்னு இவர்கிட்டத் தமிழ்லயே சொன்னேன். இவரும் அப்படியே சொன்னார். அவன் தலையை ஆட்டிட்டு விட்டுட்டான்.

அன்னைக்கு மத்தியானம் மெயின் பாதையை விட்டு ஒரு கிளைப்பாதையில இறங்குனார். ஏரி ஓரமாப் போகுமாம். தண்ணி இல்லாத ஓடை ஒண்ணு குறுக்க வந்துச்சு. மணலு. நடுவுல போய் வண்டி அச்சு வரைக்கும் இறங்கிருச்சு. முன்ன எடுக்குறார், பின்ன எடுக்குறார், பலகையை வைக்குறார், நானும் பிள்ளையும் தள்ளுறோம். கடைசியில கருகுற நாத்தம் வந்துச்சு. அதுக்கப்புறம் எஞ்சின் உறுமுது, சக்கரம் சுத்தல. போன்ல ஒரு கோடுகூட இல்ல. யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னு அங்கயே, அந்த மணல்லயே உக்காந்து சொன்னேன்.

இவர் பதறல. பாலைவனத்துல மாட்டிக்கிட்டா ஒரு முறை இருக்காம், வண்டியை விட்டு நகரவே கூடாதாம், வண்டிதான் மேல இருந்து பாத்தாத் தெரியுமாம், தண்ணியைப் பாத்துச் செலவு பண்ணணுமாம். நானும் பாத்துத்தான் பண்ணேன். அரிசியை மூணு தண்ணி கழுவுற இடத்துல ரெண்டு தண்ணிதான் கழுவுனேன். அதுக்கே அப்பாவும் மகளும் என்னமோ நான் கொலை பண்ண மாதிரி பாக்குறாங்க. கழுவாத அரிசியில எப்படிம்மா சோறு பொங்குறது? நீ பொங்குவியா?

மறுநாள் முழுக்க ஒரு வண்டி வரல. வெயில் ஏற ஏற கேன்ல தண்ணி இறங்குது. உமையாள் குடுத்த சீப்புச்சீடைதான் மிச்சம், அதைத் தின்னா இன்னும் தாகம் எடுக்குது, அதையும் என்னத்தச் சொல்ல. அதுக்கு அடுத்த நாள் காலையில எனக்குப் பொறுக்கல. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா யாரு வருவா? நாம இங்க இருக்குறது யாருக்குத் தெரியும்? வந்த வழிதான, மெயின் பாதைக்கு நடந்தா ரெண்டு மணி நேரம், ஒரு ஆம்பளை பிள்ளை குட்டியோட இப்படியா உக்காந்திருப்பாங்கன்னு கேட்டேன். கேட்டது தப்பா? எந்தப் பொம்பளையும் கேப்பா. அவர் எந்திரிச்சு ஒரு பாட்டில் தண்ணியை எடுத்துக்கிட்டு நடந்துட்டார். ஆதிரை அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகாதப்பா, போகாதப்பான்னு அழுதா. அவர் அவ கையை எடுத்து விட்டுட்டுப் போனார்.

மத்தியானம் வரல. பொழுது சாஞ்சும் வரல.

அந்தப் பொழுதை நான் யாருக்கும் சொன்னதில்ல. சொல்ல வரல எனக்கு. பிள்ளை என் மடியில படுக்காம வண்டி மேல ஏறி உக்காந்திருந்தா. கீழ வாடின்னா வரல. வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. யாராவது வருவாங்கம்மான்னு சொன்னா. யாருடி வருவா, நாம மெல்போர்ன்ல இருக்கோம்னு ஊரே நினைச்சுக்கிட்டு இருக்குன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

விடிஞ்சு வெயில் வந்த கொஞ்ச நேரத்துல சின்ன விமானம் ஒண்ணு தலைக்கு மேல சுத்துச்சு. எந்தச் சாமி அனுப்புச்சோன்னு ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். அப்புறம் போலீஸ் வண்டி வந்துச்சு. இவரை வேற ஒரு பக்கம் கண்டுபிடிச்சாங்க, பாதை தவறிப் போயிருக்கார், நிழலே இல்லாத ஒரு செடி அடியில சுருண்டு கிடந்திருக்கார். நாக்கு தடிச்சுப் போய், என்னைப் பாத்து அவுங்க அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிடுறார். அங்க இருந்து விமானத்துல ஏத்திட்டுப் போனாங்க. கிட்னி போயிருமோன்னு டாக்டர் பயந்தார். போகல. பொழைச்சுக்கிட்டார். அன்னைக்கு இன்னும் ஒரு பொழுது தாண்டியிருந்தா நான் இந்தக் கதையை வேற மாதிரி சொல்லிக்கிட்டு இருப்பேன்.

இப்பதான் முக்கியமான இடம், கேளு. ஆஸ்பத்திரியில அந்தப் போலீஸ்காரர் வந்து, உங்க ஃப்ரெண்டுக்கு நன்றி சொல்லுங்கங்குறார். யாருன்னு கேட்டா, உமையாளாம். அவதான் போலீசுக்குப் போன் பண்ணாளாம். ஞாயித்துக்கிழமை திரும்பி வர்றேன்னு சொன்னவங்க வரல, மாரி தாண்டி ஏரிப் பக்கம் போயிருக்காங்க, வண்டி வெள்ளைக் கலரு, மூணு பேருன்னு அத்தனையும் சொல்லியிருக்கா. ஒரு நாள்தான பாப்போம்னு சொன்ன சாத்தப்பனையும் கேக்கலையாம். ஆளு தேடப் போற வரைக்கும் மணிக்கொரு தடவை போன் போட்டுப் பிடுங்கி எடுத்துட்டாளாம். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு போலீஸ்ல கேட்டதுக்கு, கூடப் பொறந்த அக்கான்னு சொல்லியிருக்கா.

நான் இவளுக்கு மெல்போர்ன்னுல்ல சொன்னேன்? பக்கத்துல ஆதிரை நின்னா. நான்தாம்மா சொன்னேன்னா. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல வச்சு, அம்மாகிட்டச் சொல்லாதீங்க ஆன்ட்டி, ஏரிக்குப் போறோம், ஞாயித்துக்கிழமை மெசேஜ் போடுறேன், வரலைன்னா தேடுங்கன்னு சொல்லியிருக்கா. வண்டி மேல உக்காந்து வானத்தைப் பாத்தது அதுக்குத்தானாம்.

நீயே சொல்லு. கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா. அதுவும் உமையாள்கிட்ட. அப்புறம் வண்டி நிக்காம என்ன செய்யும்? இத்தனை கவனமா நான் மூடி மூடி வச்சது எல்லாம் பாழு. இவர் அந்தப் பக்கம் வயரும் டியூப்புமாக் கிடக்குறார், எனக்கு அழுகை, கோபம், மூணு நாள் தூக்கம் இல்ல. வாயில வந்துருச்சு. "நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா வண்டி நின்னே இருக்காதுடி. உங்கப்பா உயிர் உன்னாலதான் போகப் பாத்துச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். அடிக்கல, வையல. அவ "சரிம்மா"ன்னா. தண்ணி பிடிச்சுட்டு வரேன்னு எந்திரிச்சுப் போய்ட்டா. அந்தச் சரிம்மாவோட முடிஞ்சுச்சு. அதுக்கப்புறம் என்கிட்ட எதையும் சொல்றதில்ல.

உன் முகம் போற போக்கைப் பாத்தாத் தெரியுது. அவ சொல்லலைன்னா யாரு வந்திருப்பாங்கன்னுதான கேக்கப் போற? எங்க வீட்டுக்காரரும் அதையேதான் கேக்குறார். வண்டி நின்னதுனாலதான யாராவது வர வேண்டியதாப் போச்சு? நிக்காமலே இருந்திருந்தா யாரும் வர வேண்டாமே? இதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் பதில் சொல்லல. டிவி சத்தம்தான் கூடுது.

இந்தத் தடவை அவ போனதும் எனக்கு இருப்புக் கொள்ளல. இவர்கிட்டக் கேட்டேன், அவகிட்டயே கேளுன்னுட்டார். ரெண்டு நாள் சோறு இறங்கல. கடைசியில என் மானத்தை எல்லாம் கழட்டி வச்சுட்டு உமையாள் வீட்டுக்குப் போனேன். நாலு வருஷத்துல அவ வீட்டுப் படியை நானா ஏறுனது அன்னைக்குத்தான். அக்கா, ஆதிரை எங்க போயிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமான்னேன். தெரியும்னா. எங்கன்னேன்.

ஊர்ல ஒருத்தர் தும்முனாக்கூடத் தம்பட்டம் அடிக்குறவ அவ. அவ சொல்றா, "அது மட்டும் கேக்காத மாரி. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கா. நான் சொல்லிட்டேன்னு வையி, அடுத்த தடவை என்கிட்டயும் சொல்ல மாட்டா. அப்புறம் அவ எங்க இருக்கான்னு யாருக்குடி தெரியும்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. நான் பெத்த பிள்ளை பாப்பா. நான் சுமந்தது. எங்க இருக்கான்னு இவளுக்குத் தெரியுமாம், எனக்குத் தெரியக் கூடாதாம். எந்திரிச்சுட்டேன். அவ என் கையைப் பிடிச்சு உக்கார வச்சா. சாயங்காலம் ஆறு மணிக்கு சேட்டிலைட் போன்ல கூப்பிடுவா, ஸ்பீக்கர்ல போடுறேன், குரலைக் கேட்டுட்டுப் போ, ஆனா நீ இருக்குறது தெரியக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாதுன்னா.

அதுக்குத்தான் போறேன், தினமும், இந்த பஸ்ல. வேலை முடிஞ்சதும் நேரா. உமையாள் வீட்டு ஹால்ல போனுக்குப் பக்கத்துல உக்காந்துக்குவேன். நல்லா இருக்கேன் ஆன்ட்டி, தண்ணி இருக்கு, வண்டி நல்லா இருக்கு, நாளைக்கு டென்ட்டை மாத்துறோம், இதே நேரம் கூப்பிடுறேன்னு சொல்லுவா. ஒரு நிமிஷம்கூட இருக்காது. குரல் கட்டியிருந்தா எனக்குத் தெரியும். சாப்பிடலைன்னா தெரியும். ஆனா கேக்க முடியாது. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். என்ன பாவம் பண்ணேன்னு தெரியல, என் மக குரலை நான் திருட்டுத்தனமாக் கேக்க வேண்டியிருக்கு.

நேத்து அவ எல்லாம் சொல்லி முடிச்சா. உமையாள் போனை வைக்கப் போறா. ஒரு நிமிஷம் ஆன்ட்டின்னா. காத்து அடிக்குறது மட்டும் கேட்டுச்சு. "ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. அம்மா வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் உங்களுக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க. இருட்டுல பஸ் மாறிப் போகணும்"னா. வச்சுட்டா.

நான் வர்றது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. என்னைக்குத் தெரிஞ்சுச்சோ. உமையாள் நான் சொல்லலடி, நான் சொல்லலடின்னு பிள்ளை தலை மேல சத்தியம் பண்றா. ஒரு வார்த்தை அம்மான்னு என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல? நான் பக்கத்துலதான இருக்கேன்? கூப்பிடல. எனக்கே புத்தி சொல்றா பாரு. கோபமா வந்துச்சு, பஸ்ல வரும்போது முழுக்க அழுதுக்கிட்டே வந்தேன்.

வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழட்டல, வாசல்ல நின்னுக்கிட்டே உமையாளுக்கு மெசேஜ் போட்டேன். வந்து சேந்துட்டேன், ஆதிரைகிட்டச் சொல்லிருங்கன்னு.